கடைக்காரன் வீட்டு அவரைக்காய்

பம்பாய் மாதுங்கா மார்க்கெட்டில் தன் கடைக்கு வருகிற தாய்மார்களை நெல்லையப்பன் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். பிள்ளை காய் தின்னமாட்டேன் என்கிறது என்று மூக்கைச் சிந்துகிறவர்கள் ஒரு ரகம். பிள்ளைக்குத் தெரியாமல் காயைத் தின்னவைத்துவிட்டேன் என்று மார்தட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தை அவனுக்குப் பிடிக்காது. இரண்டாம் ரகத்தைக் கண்டாலே ஆகாது. பையை நீட்டிவிட்டால் எல்லாரையும் பிடிக்கும். அது வேறு சங்கதி.

பிரபாவதி இரண்டாம் ரகத்துக்குத் தலைவி. பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடி. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பாங்க் வேலை. காதில் எப்போதும் ஒரு வெள்ளைக் குமிழைச் செருகியிருப்பாள். ஆகையால் அவள் பேசுவது நம்மிடமா, ஆபீசிடமா என்பது இரண்டு வாக்கியம் போனபிறகுதான் தெரியும். ஒருநாள் "எப்போ அனுப்புவேள்? நேத்தே வந்திருக்கணும்" என்று அவள் சீற, "நாளைக்குக் காலையில முருங்கக்கா வந்துரும்மா" என்று நெல்லையப்பன் சமாதானம் சொல்லியிருக்கிறான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகன் ஆதித்யனுக்கு ஐந்து வயது. கன்னம் இரண்டும் பன் மாதிரி. காய்க்கடை முன்னால் அவன் நிற்கிற நிற்பு, ஊசி போடுகிற டாக்டர் வாசலில் நிற்கிற நிற்பு.

"பீட்ரூட் அரைக்கிலோ போடுங்கோ. அரைச்சு சப்பாத்தி மாவுல கலந்துடப்போறேன். பிங்க் ரொட்டின்னு சொன்னா ரெண்டு உள்ள போயிடும். முந்தாநாள் பாலக்கை தோசை மாவுல விட்டேன். டைனோசர் தோசை! அவனுக்குத் தெரியவே இல்ல."

"அவன் பக்கத்துலதானம்மா நிக்கான்."

"அவனுக்குத் தமிழ் அவ்வளவா வராது."

"மம்மா, டைனோசர் மே பாலக் தா?" என்று, டைனோசருக்குள் கீரையா இருந்தது என்ற திகைப்போடு ஆதித்யன் நிமிர்ந்து பார்த்தான். நம்பி ஓட்டுப்போட்ட கட்சி, மறுநாளே எதிர்க்கட்சியோடு சேர்ந்துவிட்ட செய்தியைக் கேட்டவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

நெல்லையப்பன் பீட்ரூட்டைத் தராசில் போட்டுக்கொண்டே பிரசங்கத்தை ஆரம்பித்தான். கடையில் கூட்டம் இருந்தால் அவனுக்கு ஞானம் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும்.

"காயி என்ன கொலைக்குத்தமா பண்ணிச்சு, இப்படி வேசம் போட்டு ஒளிஞ்சு திரியுததுக்கு? பிள்ளைய ஏமாத்துதமாம். நாளைக்குக் கல்யாணம் ஆனா பொண்டாட்டி வந்து அரைச்சுக் கலக்குவாளா? எல்லாம் நீங்க கொடுக்கிற செல்லம். பசிச்சாத் திங்கும். தின்னா ருசிக்கும். அவ்வளவுதான் சங்கதி."

"உங்காத்துல எப்படி?" என்றாள் பிரபாவதி.

புத்தியுள்ள மனிதன் இந்த இடத்தில் "அறுநூறு கிராம் இருக்கு, போடவா" என்று கேட்டுப் பேச்சை மாற்றியிருப்பான். நெல்லையப்பன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"எங்க வீட்டுலயா? எம்பொண்ணு பொன்செல்விக்கும் இவன் வயசுதான். காயிக்கடைக்காரன் பிள்ளைம்மா அது. தட்டுல காயி இல்லன்னா சோத்தத் தொடாது. வெண்டக்காயப் பச்சையா மெல்லும். பாவக்கா போதாதுன்னு அழும்."

எதிரே தேங்காய்க் கடை இசக்கிமுத்து, மட்டை உரிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினான். தாராவியில் நெல்லையப்பனுக்கு அடுத்த வீட்டுக்காரன் அவன். வெண்டைக்காயைக்கூட மன்னித்துவிடலாம், பாகற்காய் வரைக்கும் போயிருக்க வேண்டாம் என்பது போல் பார்த்தான்.

ஏனென்றால் பொன்செல்வி, காய் என்ற ஒன்றை ஆண்டவன் படைத்தது தட்டின் ஓரத்தில் அடுக்கி வைப்பதற்காகத்தான் என்று நம்புகிற பிள்ளை. சாம்பார் சோற்றை அவள் முன்னால் வைத்தால் முதலில் முருங்கைக்காய் வெளியேறும். பிறகு கத்தரிக்காய். பிறகு வெங்காயம், கறிவேப்பிலை, மல்லித்தழை. கடைசியில் கடுகைக்கூட ஒவ்வொன்றாக நகத்தால் நிமிண்டி எடுத்து வைப்பாள். வேலை முடியும்போது தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு குட்டி மார்க்கெட்டே கூடியிருக்கும். நடுவில் இருக்கிற ஈரச் சோற்றைத் தள்ளிவிட்டு, "தயிர் குடு" என்பாள். தயிரும் அப்பளமும் உள்ளே போகும். சாயங்காலம் ஒரு சிப்ஸ் பாக்கெட். அவ்வளவுதான் அவள் வளர்கிற வளர்ச்சி.

போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போவான் என்று தாய் கனகவள்ளி மிரட்டிப் பார்த்தாள். "ஆனே தோ" என்றது பிள்ளை. வரட்டுமே! தாராவித் தொண்ணூறடி ரோட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் போலீஸ் ஒரு புதுமையா?

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தபோது கிளினிக்கில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்த டாக்டர், "ரத்தம் கம்மி. காய் கீரை நிறையக் குடுங்க. அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். "காய்க்கடை" என்றான் நெல்லையப்பன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அவன் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து கனகவள்ளியின் தலையில் இறக்கிவைத்தான்.

"ஒனக்கு ஆக்கத் தெரியல. அதான் பிள்ள திங்கமாட்டேங்கு. பம்பாய்ல பாதிப்பேரு எங்கடையில வாங்கித் திங்கான். எவனாவது குத்தம் சொல்லுதானா?"

கனகவள்ளி கத்தரிக்காயில் புழு குடைந்த பாகத்தைச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தாள். "கொண்டாறத ஆக்குதேன்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. வாதாட வக்கில்லாதவள் என்று அவன் அதற்கு அர்த்தம் செய்துகொண்டான்.

அவன் கொண்டுவருவது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடை மூடுகிற நேரத்தில் ஒரு மஞ்சள் பையை எடுப்பான். இரண்டு நாள் வெயிலில் சுருங்கிய வெண்டைக்காய், யாரும் தொடாமல் முற்றிப்போன பீன்ஸ், கறுத்துப் பிசுபிசுத்த அவரைக்காய், ஒருபக்கம் அமுங்கிய தக்காளி, மாடு பார்த்தால் யோசிக்கிற கீரை. இவ்வளவும் அதில் போகும். அதுதான் வீட்டுக் காய். கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது, மார்க்கெட் முழுக்க இதுதான் வழக்கம். வாழைப்பழக்காரன் வீட்டில் அடிபட்ட பழம். பூக்காரன் பெண்டாட்டி தலையில் நேற்றைய பூ. இசக்கிமுத்து வீட்டுச் சட்னியில் அழுகல் தேங்காயின் வாடையைச் சந்தே அறியும். முதல் தரத்தைக் கடைக்காரன் தானே தின்றால் லட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்பது சாஸ்திரம். எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று யாரும் தேடிப் பார்த்ததில்லை.

நெல்லையப்பனுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. மத்தியானம் மெஸ்ஸில் மீன் குழம்பு. இடையில் ஒரு வடாபாவ். ராத்திரி வீட்டில் ரொட்டியும் ஆம்லெட்டும். தன் வீட்டுக் காயைத் தான் வாயில் வைத்து எவ்வளவு காலமாயிற்று என்பதை அவன் எண்ணிப் பார்த்ததில்லை.

வினை பிரபாவதி ரூபத்தில் திரும்பி வந்தது. ஆதித்யன் படிக்கிற நர்சரியில் சனிக்கிழமை வெஜிடபிள் டே கொண்டாடுகிறார்களாம். காதிலிருந்த குமிழைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள். அப்போதே நெல்லையப்பன் உஷாராகியிருக்க வேண்டும்.

"காய் எல்லாம் உங்க கடையிலேர்ந்துதான். ஒரு குழந்தை சாப்பிடறதைப் பாத்தா மத்த குழந்தைகளும் சாப்பிடும்னு அஃப்ஷா மிஸ் சொல்றா. நான் உங்க பொண்ணைப் பத்திச் சொன்னேன். மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம்! அழைச்சுண்டு வந்துடுங்கோ. எல்லார் முன்னாடியும் உக்காந்து சாப்ட்டுக் காமிக்கட்டும். உங்க கஸ்டமர்ஸ் பாதிப்பேர் அங்கதான் இருப்பா."

"அதுக்குப் பள்ளிக்கூடம்…"

"சனிக்கிழமை ஏது வே பள்ளிக்கூடம்?" என்றான் எதிர்க்கடையிலிருந்து இசக்கிமுத்து. "கூட்டிட்டுப் போரும். பாவக்காய்க்கு அழுத பிள்ளையில்லா! நாலு பேரு கண்ணாரப் பாக்கட்டும்."

"இருமல் இருக்குல்லா அதுக்கு…"

"எனக்குத் தெரியாம எப்ப வே வந்துச்சு? காலையில எங்க வீட்டுச் சுவத்துல ஏறிக் குதிச்சுட்டுல்லா போச்சு."

இனி வழியில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டான். பிள்ளை எல்லார் முன்னாலும் தட்டைத் தள்ளிவிட்டால் மாதுங்காவில் அவன் வாய் திறக்க முடியாது. வாயில்லாத நெல்லையப்பன் வெறும் தராசு.

அந்த வாரம் தாராவியில் ஒரு மனிதன், தான் காறித்துப்பியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான்.

முதலில் பிங்க் ரொட்டி. அவனே உட்கார்ந்து பீட்ரூட் அரைத்தான். பொன்செல்வி ரொட்டியைக் கையில் வாங்கி, ஏர்போர்ட்டில் பையைச் சோதிக்கிறவன் மாதிரி முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இது ஏன் சிவப்பா இருக்கு?"

"பிங்க் ரொட்டிட்டி அது."

"பிங்க் எங்கேருந்து வந்துச்சு?"

வங்கி அதிகாரியான பிரபாவதி இந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருந்தாளோ? ரொட்டி தெருநாய்க்குப் போயிற்று. நாயும் யோசித்தது.

அடுத்த நாள் தட்டில் முகம் செய்தான். போனில் பார்த்து, தக்காளியில் கண், காரட்டில் மூக்கு, பீன்ஸில் மீசை. செய்து முடித்துப் பார்த்தால் அச்சு அசலாகக் கனகவள்ளியின் அண்ணன். "மாமா!" என்று பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. தின்னச் சொன்னபோது, மாமாவைத் தின்னக் கூடாது என்று அழுதது. கனகவள்ளி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

பிறகு கல்வி.

"வெண்டக்கா தின்னாக் கணக்கு நல்லா வரும்ட்டி."

"ஒனக்குக் கணக்கு வருமா?"

"பின்ன? கடையே நடத்துதேம்லா."

"அப்ப நீ தின்னு."

நியாயமான கோரிக்கை. வெண்டைக்காய்ப் பொரியலில் ஒரு வாய் அள்ளிப் போட்டான். மென்றான். மேலும் மென்றான். வாய்க்குள் யாரோ கயிறு திரிப்பது போல் இருந்தது. மகள் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா?"

"ம்ம்."

"முழுங்கு பாப்போம்."

சொம்புத் தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினான். கண்ணில் நீர் முட்டியது.

"ஜூட்டா" என்றாள் பொன்செல்வி. பொய்யன் என்பதை இந்தியில் சொன்னால் அப்பனுக்கு வலிக்காது என்ற கருணையாக இருக்கலாம்.

அப்போதும் அவனுக்குப் புத்தி வந்ததா? "என்னத்த ஆக்கியிருக்க, தேங்காநார மாதிரி!" என்று பெண்டாட்டியைத்தான் பார்த்தான். "சனிக்கிழம நீயும் வா. அங்க எப்படி ஆக்குதாவன்னு பாத்துப் படிச்சுக்க."

"வாரேன்" என்றாள் கனகவள்ளி. "நானும் பாக்கணும்."

சனிக்கிழமை விடிவதற்குள் தாதர் மண்டிக்குப் போனான். நர்சரிக்குப் போகிற காயில் ஒரு புள்ளி இருக்கக் கூடாது. அவரைக்காயை மூட்டைக்குள் கையை விட்டுத் தேடித் தேடிப் பொறுக்கினான்; பிஞ்சாக, பச்சைப்பசேலென்று, ஒடித்தால் சத்தம் கேட்கிற காய். மண்டிக்காரன் திட்டத் திட்டப் பொறுக்கினான். மகள் தின்னாவிட்டாலும் கடைக்காவது நல்ல பேர் மிஞ்சட்டும்.

நர்சரிக் கூடத்தில் நுழைந்ததும் நெல்லையப்பனுக்குத் தன் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியது. அவ்வளவு கேவலமாக இருந்தது ஏற்பாடு. பிள்ளைகளுக்குக் காய் வேஷம். உடம்பு முழுக்கப் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஒரு காலிஃபிளவர் தும்மிக்கொண்டே இருந்தது. ஒரு காரட், ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அழுதது. உடுப்பைக் கழற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஆதித்யன் கத்தரிக்காய். தெர்மோகோலில் செய்த ஊதாத் தொந்திக்குள் மாட்டிக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் பிடிக்காமல், ஒரு தூணில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தான். இவனுக்குக் கத்தரிக்காய் ஊட்டினால் தன்னைத்தானே தின்கிற பாவமல்லவா வரும்? பிள்ளைகளைவிட அம்மாக்கள் அதிகம், அம்மாக்களைவிட போன்கள் அதிகம். காய்கறியை நேசிப்போம் என்று இங்கிலீஷில் ஒரு பாட்டு ஸ்பீக்கரில் கத்தியது. பாடின பெண் வாழ்நாளில் ஒரு சுரைக்காயைத் தொட்டிருக்கமாட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது.

சுவரோரமாகக் கேஸ் அடுப்பு வைத்து, நர்சரி ஆயா பார்வதியம்மாள் அவரைக்காயை நறுக்கிப் பொரியல் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்தது. தேங்காய்ப்பூ விழுந்தது. வாசனை கூடம் முழுக்கப் பரவியது. கனகவள்ளி கடைசி வரிசையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஃப்ஷா மிஸ் மைக்கைப் பிடித்தாள். பொன்செல்வியை முன்னால் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே அரைவட்டமாக மற்றப் பிள்ளைகள். எல்லார் முன்னாலும் தட்டு. தட்டில் ஒரு கரண்டிப் பொரியல்.

பிள்ளை தட்டைப் பார்த்தது. குனிந்து மோந்தது. ஒரு கடுகை எடுத்து ஓரத்தில் வைத்தது. 'போச்சு' என்று நினைத்தான். இன்னொரு கடுகு. எல்லாம் போச்சு. பிரபாவதி போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறாள். கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்கு இந்தப் பக்கம் இனி தலைகாட்ட முடியாது. பேசாமல் செம்பூரில் கடை போட்டுவிடலாமா?

பொன்செல்வி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

மென்றாள். நிறுத்தினாள். தட்டைச் சந்தேகமாகப் பார்த்தாள். இன்னொரு துண்டு போட்டாள். பிறகு கை நிறைய அள்ளினாள். தட்டு காலியானது. அரைவட்டத்தின் ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் ஆதித்யன் தட்டு தொடப்படாமல் இருந்தது. அதிலிருந்தும் ஒரு பிடி அள்ளினாள்.

"ஏய்! மேரா ஹை!" என்று கத்தரிக்காய் அலறியது. தன்னுடையது என்று தெரிந்தபிறகு அதில் இருப்பது என்னவாக இருந்தால் என்ன? மிச்சத்தை இரண்டு கையாலும் வாயில் அடைத்துக்கொண்டது. ருசி தெரிந்துதான் அடைத்ததா, திருடு போகாமல் பூட்டி வைத்ததா, சொல்ல முடியாது. ஆனால் முழுங்கியது. காலிஃபிளவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைக் கைகளால் மறைத்தது, மறைத்தபடியே தின்றது. காரட்டுக்கு இரண்டாம் தடவை வேண்டுமாம். பார்வதியம்மாள் சட்டியோடு ஓடிவந்தாள்.

கூடம் கைதட்டியது. பிரபாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "அரைக்காம, மறைக்காம, அப்படியே சாப்பிடறானே!"

நெல்லையப்பன் எழுந்துவிட்டான். யாரும் கூப்பிடவில்லை. மைக்கும் தேவைப்படவில்லை.

"நான் சொல்லல? அரைக்காதீய, மறைக்காதீயன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீயளா? பிள்ள என்ன கழுதையா, கண்ணக் கட்டித் தீவனம் வைக்க? வீட்டுல பழக்கணும்மா, வீட்டுல! எங்க வீட்டுல பாருங்க…"

"எப்பா" என்றாள் பொன்செல்வி. வாய் நிறைய இருந்தது. "இது என்ன காயி?"

சில இடங்களில் சிரிப்பு. "அவரக்காட்டி" என்றான், குரலைத் தாழ்த்தி.

"பொய். அவரக்கா நம்ம வீட்டுல இருக்கே. அது கறுப்பா இருக்கும். கொழகொழன்னு இருக்கும். நாறும்." பிள்ளை சபைக்கு விளக்கம் சொல்லியது, அதுவும் இந்தியில் ஒருமுறை, புரியாதவர்களுக்காக: "பத்பூ ஆத்தி ஹை."

சபை திரும்பியது. நெல்லையப்பன் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தான். தேவையிருக்கவில்லை. அத்தனை தலைகளும் அவனைத் தாண்டி, கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. காய்க்கடைக்காரன் வீட்டில் காய் நாறுகிறது என்றால் ஆக்குகிறவள்தானே நாறடித்திருக்க வேண்டும்? கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. இந்தக் கணக்கை அவனும் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பிரபாவதி மிக இனிமையாகப் பேசினாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. "கவலைப்படாதீங்கோ. ஓவர்குக் பண்ணக் கூடாது, அதான் விஷயம். நான் ரெசிபி அனுப்பறேன். வாட்ஸாப் இருக்கோல்லியோ உங்களுக்கு?"

யாரோ ஒரு அம்மாள், பாவம் படிப்பில்லை போலிருக்கு, என்று பக்கத்துக் காதில் சொன்னது கூடத்துக்கே கேட்டது.

கனகவள்ளி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, நேராக அவனைப் பார்த்தாள். அதில் கோபமில்லை. என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விகூட இல்லை. இவன் என்ன செய்வான் என்பது தனக்குத் தெரியும் என்ற அலுப்பு மட்டும் இருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் பேர் பிழைத்துவிடும். கடைக்காரன் கெட்டிக்காரன், பெண்டாட்டிதான் சரியில்லை. மாதுங்கா அதை ஒரு வாரத்தில் மறந்துவிடும். வாழ்நாளில் நெல்லையப்பன் வாயை மூட வேண்டிய இடமெல்லாம் திறந்திருக்கிறான். மூடினால் லாபம் என்று கண்ணெதிரே தெரிந்த இடம் இதுதான்.

"அவ ஆக்குததுல குத்தமில்ல" என்றான்.

பிரபாவதி திரும்பினாள்.

"நான் வீட்டுக்குக் கொண்டுபோற காயி அழுகலு. நல்லதெல்லாம் உங்களுக்கு வித்துருவேன். விக்காம கெடந்து சொத்தையானத அவட்ட கொடுப்பேன். அதுல எவ ஆக்குனாலும் நாறத்தான் செய்யும். பிள்ள பாவக்காய்க்கு அழும்னதும் பொய்யி. இன்னைக்கித்தான் காயி தின்னுருக்கு. எனக்கே நேத்து வரைக்கும் நம்பிக்கயில்ல."

கூடம் அமைதியானது. நெஞ்சைத் தொடுகிற அமைதி என்று அவன் எண்ணிவிட்டான். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாமி எழுந்தாள்.

"அப்போ செவ்வாக்கிழமை எனக்குக் குடுத்த கத்திரிக்கா? அது யாராத்துக்கு வெச்சிருந்தது?"

"எனக்கும்தான்! அந்தப் பூசணிப் பத்தை உள்ளே கொழகொழன்னு இருந்தது."

"சொந்தக் குழந்தைக்கே அழுகலைப் போடறவன், நமக்கு மட்டும் நல்லதா போடுவான்?"

"இல்லம்மா, அதத்தான் சொல்லுதேன், உங்களுக்குத்தான் நல்லது…" அவன் குரல் யாருக்கும் எட்டவில்லை. மாமிகள் வரிசையாக வழக்குகளை எடுத்து வைத்தார்கள்; இரண்டு வருஷத்துக்கு முந்தைய முருங்கைக்காய் வரை மறுவிசாரணைக்கு வந்தது. பிரபாவதி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவன் இத்தனை நாள் எல்லாரையும் பார்த்த அதே பார்வை. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அது இவ்வளவு உயரத்திலிருந்து விழும் என்று அவனுக்குத் தெரியாது.

"நான் அரைச்சுக் கலந்தாலும் நல்ல காயைத்தான் அரைச்சேன்" என்றாள். அவள் காதில் குமிழைத் திரும்பச் செருகிக்கொண்டாள்.

மூவரும் வெளியே வந்தார்கள். பொன்செல்வி நடுவில், வாயோரத்தில் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்க, குதித்துக் குதித்து நடந்தாள். தாராவிக்குத் திரும்புகிற முனையில் கனகவள்ளி திரும்பவில்லை. நேராக மார்க்கெட் பக்கம் நடந்தாள்.

"எங்கட்டி போற?"

"காயி வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் கடைக்குக் காய் வாங்க வந்ததில்லை. வீடு தேடித்தான் பை வருமே! நெல்லையப்பன் ஓடிப்போய்த் தார்ப்பாயை விலக்கினான். அவள் பலகையின் முன்னால், மாமிகள் நிற்கிற இடத்தில், மாமிகள் மாதிரியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இசக்கிமுத்து அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தான்.

"இது எப்ப வந்த அவரக்கா?"

"காலையில வந்ததுதான். தாதர்லேருந்து நானே…"

நம்பவில்லை. ஒன்றை எடுத்து ஒடித்தாள். காதருகே வைத்து இன்னொன்றை ஒடித்தாள். மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முத்தல்" என்று அவன் பக்கமே எறிந்தாள். குவியலின் மேல்தட்டைத் தள்ளி, நடுவில் கையை விட்டாள். அவளுக்கு இவ்வளவு தெரியுமா? அழுகலிலேயே தேறுவதைப் பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய கைக்கு நல்லதில் பொறுக்க யார் சொல்லித்தர வேண்டும்?

"பொரியலுக்குத் தேங்கா வேண்டாமா? நல்லதா ஒண்ணு வேணும்னா நாந்தாரேன்" என்றான் இசக்கிமுத்து.

"உங்க வீட்டுச் சட்னி நாத்தம் எங்க வீட்டு வரைக்கும் வருது, அண்ணாச்சி. மொதல்ல அக்காட்ட நல்லதா ஒண்ணு கொண்டுபோய்க் குடுங்க" என்றாள் கனகவள்ளி, கையை எடுக்காமல். இசக்கிமுத்து அவசரமாக அரிவாளை எடுத்துக்கொண்டு மட்டை உரிக்க ஆரம்பித்தான்.

பொன்செல்வி ஒரு அவரைக்காயைப் பச்சையாகக் கடித்து, "சீ" என்று துப்பினாள். "இது நல்லால்ல."

"ஆக்கித் தாரேன்ட்டி" என்றாள் தாய்.

அப்போது வாடிக்கைக்கார மாமி ஒருத்தி வந்து நின்றாள். நர்சரி விவகாரம் இன்னும் எட்டாதவள். "நெல்லையப்பன், அவரைக்காய் பிஞ்சா இருக்கே! எனக்குக் கால் கிலோ" என்று குவியலுக்குள் கையை நீட்டினாள்.

கனகவள்ளி நகரவில்லை. "நான் பொறுக்கிக்கிட்டு இருக்கேன். முடிச்சதும் நீங்க எடுங்க" என்றாள்.

மாமி நெல்லையப்பனைப் பார்த்தாள். வாடிக்கையைக் காக்க வைத்து அவனுக்குப் பழக்கமில்லை. காக்க வைத்தால் அவள் அடுத்த கடைக்குப் போவாள். போகிறவள் இன்றைக்குள் நர்சரிக் கதையையும் கேட்பாள். கேட்டால் திரும்ப வரமாட்டாள்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா" என்றான். "அவிய முன்னாடி வந்துட்டாவ."

சொல்லிவிட்டுப் புதுப் பை ஒன்றை உதறி, வாயை விரித்து, பெண்டாட்டியின் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவசரப்படவில்லை.